முருகன் காலண்டரில் ஒரு வியாழக்கிழமை

என் கைப்பையின் உள் ஜிப்பில் ஒரு தினசரி காலண்டர் தாள் இருக்கிறது. வியாழக்கிழமைத் தாள். ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று, சூலம் தெற்கு, பரிகாரம் தைலம் என்று அச்சடித்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. நான்காக மடித்த இடங்களில் மட்டும் காகிதம் நைந்து, பிரித்தால் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பின்பக்கத்தில் நீல மையில் ஒரே ஒரு வரி. இதுவரை மூன்று கைப்பைகள் மாறிவிட்டன. தாள் மட்டும் பையிலிருந்து பைக்கு மாறி என்னுடனேயே வந்துகொண்டிருக்கிறது. அந்த வரியை நான் அடிக்கடி படிப்பதில்லை. படிக்கத் தெம்பு வேண்டும்.

தாளைக் கொடுத்தவர் எங்கள் டாக்டரம்மா. சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்திருந்தார். உள்ளே ஒரு மேஜை, ஒரு படுக்கை, எடை பார்க்கும் இயந்திரம், அதற்கு மேலே வரிசையாக நான்கு தினசரி காலண்டர்கள். மளிகைக் கடை கொடுத்த முருகன், மருந்துக் கடை கொடுத்த கொழுகொழுக் குழந்தை, பாத்திரக் கடை லட்சுமி, அவருடைய சர்ச்சிலிருந்து வந்த ஏசு. புதிதாக வருகிறவர்கள், ஒரு கிறிஸ்தவ டாக்டர் ராகு காலம் பார்க்க நான்கு காலண்டர் வைத்திருக்கிறாரே என்று ஆச்சரியப்படுவார்கள். இன்னும் உற்றுப் பார்த்தால் வேறொரு ஆச்சரியம் காத்திருக்கும். எந்தக் காலண்டரும் முழுதாக இருக்காது. அடுத்த மாதத்திலும் அதற்கடுத்த மாதத்திலும் இன்னும் வராத தேதிகளில் பாதிக்குமேல் கிழிபட்டிருக்கும்.

அதுதான் அவருடைய முறை. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களுக்கு வாய்ச்சொல்லோடு சரி. சர்க்கரை, பி.பி., கர்ப்பம் என்று நாள்பட்டுக் கவனிக்க வேண்டியவர்களுக்குத்தான் தாள். அடுத்து என்றைக்கு வரவேண்டுமோ அந்தத் தேதித் தாளைக் காலண்டரின் நடுவிலிருந்து கிழிப்பார். அதன் பின்பக்கத்தில், செய்ய வேண்டியதை இரண்டு மூன்று வரி எழுதிக் கையில் கொடுப்பார். அட்டையோடு தங்கிவிட்ட துணுக்கில் நம் பெயரைப் பொடியாக எழுதிக்கொள்வார். அந்த நாள் வரும்போது காலண்டரில் தேதி இருக்காது, நம் பெயர்தான் இருக்கும். தாளோடு நாம் போய் நிற்க வேண்டும். ஒரே நாளில் நாலு பேர் வரலாம் என்பதால்தான் நாலு காலண்டர். “எனக்கு முருகன் தேதி”, “நான் லட்சுமி” என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். “உங்க காலண்டர்ல நல்ல நேரம் பாக்கலாம்னா தேதியே இல்லையே டாக்டரம்மா” என்று யாராவது கேட்டால், “ராகு காலத்துலயும் பி.பி. பி.பி.தான். கையை நீட்டுங்க” என்பார்.

தாள் வாங்கியவர் வராமல் போனால் விடமாட்டார். மறுநாள் காலை ஏரியைச் சுற்றி நடக்கப் போகும்போது அப்படியே அவர்கள் வீட்டு மணியை அடிப்பார். ஒருமுறை ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் நின்றதை நான் பார்த்தேன். நான் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் வாயிலிருந்த டீயை அவசரமாக முழுங்கிவிட்டு, “இன்னா டாக்டரம்மா, நீயே வந்துட்ட? சவாரி வந்துகினே இருந்துச்சும்மா, பேஜாராப் போச்சு” என்றார். “உன் பேரு அங்க தொங்கிட்டு இருக்கு, நீ இங்க டீ குடிச்சிட்டு இருக்க” என்று சொல்லிக்கொண்டே, பையிலிருந்து பி.பி. கருவியை எடுத்து, ஆட்டோவின் பின் சீட்டிலேயே அவரை உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினார். சுற்றி நின்ற மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அவர் சொன்னவற்றில் புதுமையாக ஒன்றும் இருக்காது. முதல் மருந்து படுக்கைதான், காய்ச்சலோடு ஆபீஸ் போய் யாருக்கும் மெடல் கிடைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உனக்குக் கேட்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆன்டிபயாட்டிக்கை மருந்துக் கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே, கொடுத்தால் பாதியில் நிறுத்தாதே. அப்பளம், ஊறுகாய், வடகம் மூன்றும் உப்பின் மூன்று பெயர்கள். இதையெல்லாம் இன்றைக்கு எந்த போனிலும் படிக்கலாம், காலையில் எனக்குப் பத்துப் பேர் அனுப்புகிறார்கள். ஆனால் அவர் சொல்லும்போது, அது நமக்கென்று மட்டும் சொன்னதாக இருக்கும். அதுவும் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கும். “நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா எங்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. சொல்லாம நிறுத்தினா நான் கண்ண கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கற மாதிரி.” எத்தனை முறை கேட்டிருப்பேன் இதை!

என் அம்மாவுக்குக் கடைசி ஆறு மாதம் வைத்தியம் பார்த்தவர் அவர்தான். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டுக் கேட்டு உறவினர்களும் ஓய்ந்துவிட்டிருந்தார்கள். அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை அறையில் பிட் அடிக்கும் பையன் எந்த பெஞ்சில் இருக்கிறான் என்பதை வாசலிலிருந்தே கண்டுபிடிப்பார் என்று பேர் வாங்கியவர். அவருக்கு பி.பி. இருப்பது தெரிந்ததும் டாக்டரம்மா முருகன் காலண்டரிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தார். தினம் காலையில் ஒரு மாத்திரை, உப்பைக் குறை, ஏரியை ஒரு சுற்று. மாதம் ஒருமுறை வர வேண்டும்.

அப்பாவுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. “ஒரு தடவ ஆரம்பிச்சா சாகறவரைக்கும் விடாது. எனக்கென்ன தலை சுத்துதா, வலிக்குதா? நல்லாத்தானே இருக்கேன்” என்பார். ஆனால் டாக்டரம்மாவிடம் கெட்ட பெயர் எடுக்கவும் அவருக்கு மனமில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டவராயிற்றே. ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முருகன் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் பரீட்சைக் காலம் தொடங்கிவிடும். மாத்திரை தவறாமல் உள்ளே போகும். ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறும். காலையில் ஏரியை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றுவார். பரிசோதனை முடிந்த அன்று சாயங்காலமே ஜாடி கீழே இறங்கிவிடும், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் தட்டுக்கு வரும். “வாத்தியாரே பிட் அடிக்கிறாரே” என்று கேலி செய்வேன். “இது பிட் இல்லடி, ரிவிஷன்” என்பார். இருவரும் சிரிப்போம். ஜாடியை மேலே ஏற்றியதும் இறக்கியதும் என் கைதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனையில் ரத்த அழுத்தம் சரியாக இருந்தால், பழைய தாளை வாங்கிச் சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு டிக் போட்டு, “வெரி குட் சார்” என்று திருப்பிக் கொடுப்பார் டாக்டரம்மா. ஆயுசு முழுக்க மற்றவர்களுக்கு டிக் போட்ட மனிதர் அந்த டிக்குக்கு ஆசைப்பட்டார். தாள்களை பீரோவில் வேட்டிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார். எட்டுத் தாள் சேர்ந்திருந்த சமயம், டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். “பொண்ணு நல்லா பாத்துக்கறா, அதான் இவ்ளோ கன்ட்ரோல்ல இருக்கு. மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாம் சார். வயசான உடம்பு, ரொம்ப இறங்கிடக் கூடாது.” அப்பா வெற்றிப் புன்னகையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த முறை வருவதற்குள் அது நடந்துவிட்டது. காலை ஆறேகால் மணி இருக்கும். பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பாக்கெட் தரையில் உடைந்து பால் ஓடுகிறது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். “அப்பா” என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. நான் கத்தினேன். நடைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டரம்மா தெருமுனையிலிருந்து ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முகத்தைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், ஒரு கை எழவில்லை. “தண்ணி கிண்ணி எதுவும் வாயில ஊத்தாத. ஒரு நிமிஷம்கூட இங்க வெச்சிருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று அவரே போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்து, அவரும் ஏறிக்கொண்டார். அன்று அப்பா பிழைத்தது அவரால்தான்.

அங்கே வார்டில் ஒரு டாக்டர் என்னைக் கேட்டார். “பி.பி. மாத்திரை ரெகுலரா எடுத்தாரா?” டாக்டரம்மா என் பக்கத்தில் நின்றிருந்தார். நான், “எடுத்தார்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயமா, வெட்கமா, அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நினைப்பா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். என் பதிலைக் கேட்டதும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் தளர்ந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “என்னை மன்னிச்சிடுங்க சார். ரீடிங் நல்லா இருக்கேன்னு நான்தான் அவசரப்பட்டுக் குறைச்சிட்டேன். இன்னும் ரெண்டு மாசம் பாத்திருக்கணும்” என்றார். முப்பது வருடம் வைத்தியம் பார்த்தவர் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறார். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தவிர்ப்பதற்காக நான் காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன். அங்கே கீழ்த்தட்டில் ஊறுகாய் ஜாடி இருந்தது. அதை அப்படியே குப்பையில் கொட்டினேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

அதன் பிறகு டாக்டரம்மா மாறிப்போனார். சிவப்புப் பேனா மேஜையிலிருந்து காணாமல் போயிற்று. யாருக்கும் மாத்திரையைக் குறைப்பதில்லை. கொஞ்சம் சிக்கல் என்றாலும், “எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிடுங்களேன்” என்பார். எழுதிய சீட்டை வாங்கி மறுபடி படித்துப் பார்த்துக் கொடுப்பார். வெளியே பெஞ்சில், “அம்மாவுக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல” என்று பேசிக்கொண்டார்கள். கூட்டம் குறைந்தது. காலண்டர்களில் தேதிகள் நிறையத் தெரிய ஆரம்பித்தன. அவருடைய தைரியத்தை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அந்த பெஞ்சில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘நீங்கள் தப்புச் செய்யவில்லை டாக்டரம்மா, நாங்கள்தான் ஏமாற்றினோம்.’ அவ்வளவுதான். ஆனால் உண்மையை ஒருநாள் தள்ளிப்போட்டால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிடுகிறது, ஒரு வருடம் தள்ளிப்போட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்பா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். குழறலாகக் கொஞ்சம் பேச்சு வந்தது. ஒருநாள் நான் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, கையைப் பிடித்து நிறுத்தி, “அவங்க... கிட்ட... சொல்லிடு” என்றார். எதை, யாரிடம் என்று நான் கேட்கவில்லை. “சொல்றேன்ப்பா” என்றேன். அவர் போகும்வரை சொல்லவில்லை.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, தலைவலி என்று போனேன். டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உனக்கும் வந்தாச்சா” என்று என் கன்னத்தைத் தட்டினார். முருகன் காலண்டரைத் தூக்கி, நாலு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமைத் தாளைக் கிழித்தார். பின்னால் என்னவோ எழுதி மடித்துக் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து படித்தேன். படித்ததும் இந்த முறை சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். சிறுசேரி ஆபீஸிலிருந்து வரும் வழியெல்லாம், எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, “தெரியாதாம்மா? முந்தாநேத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. பையன் வந்து ஐதராபாத் கூட்டிட்டுப் போயிட்டார். இனிமே அங்கதானாம்” என்றார். யார் வராவிட்டாலும் தேடிப் போகிறவர், அன்றைக்கு நான் போனேன், அவர்தான் இல்லை.

போன் நம்பர் கிடைத்தது. இரண்டு முறை பேசவும் பேசினேன். “பி.பி. பாத்தியா? நடக்கறியா?” என்று கேட்டார். இதையெல்லாம் போனிலா சொல்வது, நேரில் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐதராபாத் அப்படியொன்றும் தூரமில்லை. ஒரு ராத்திரிப் பயணம்தான். எட்டு மாதம் கழித்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படமும் கீழே கைகூப்பும் சின்னங்களும் வரிசையாக வந்தன. அன்று சிறுசேரியில் கேன்டீனில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதேன்.

இப்போது நான் கோவிலம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். பி.பி. மாத்திரை எனக்கும் உண்டு. பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளை போனே ஞாபகப்படுத்துகிறது. போகாவிட்டால் இன்னொருமுறை ஞாபகப்படுத்துகிறது. அதற்கும் போகாவிட்டால் ஓய்ந்துவிடுகிறது. யாரும் காலையில் வந்து மணியை அடிப்பதில்லை. சென்ற வாரம் ஞாபகமூட்டல் வந்ததும், அடுக்களையில் ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேல்தட்டில் வைத்தேன். மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தேன். ஒரு மாதத்து மாத்திரைகளில் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. ரிவிஷன். அத்தனையும் பட்ட பிறகும், தனியாக இருக்கும் வீட்டில், யாரை ஏமாற்ற? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பாட்டிலைக் கீழே இறக்கவில்லை, வாரம் முழுக்க மாத்திரையும் போட்டேன். மனிதருக்குத் திருந்த அவ்வளவு சீக்கிரம் மனசு வருவதில்லை.

கிளினிக்கில் இருந்தது இளம் பெண் டாக்டர். என் மருமகள் வயதுதான் இருக்கும், எனக்கு மருமகள் ஒருத்தி இருந்திருந்தால். திரையைப் பார்த்துக்கொண்டே, “சூப்பர் ஆன்ட்டி, ரொம்ப நல்லா கன்ட்ரோல்ல இருக்கு. டோஸைக் குறைச்சிடலாமா?” என்றாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. டாக்டரம்மாவின் அறை, அந்த பெஞ்சு, அப்பாவின் அந்தச் சிரிப்பு எல்லாம் கண்முன் வந்தன. வெளியே இங்கேயும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

“குறைக்காதீங்க டாக்டர். ஒரு வாரமாத்தான் ஒழுங்கா போடறேன். மாசத்துல பாதி நாள் போடல. இன்னைக்கு வரணும்னுதான் போட்டேன்” என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. அந்தப் பெண் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். “நல்லவேளை சொன்னீங்க ஆன்ட்டி. சொல்லலேன்னா குறைச்சிருப்பேன். அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா என்னாலதான்னு நெனச்சிட்டு இருந்திருப்பேன்” என்றாள். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மேஜையிலிருந்த டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். “மெசேஜ் வரும் ஆன்ட்டி” என்றாள்.

வீட்டுக்கு வந்து, ஹாலில் தொங்கும் காலண்டரைத் தூக்கி, நாலு வாரம் தள்ளி ஒரு தாளைக் கிழித்தேன். மிச்சமிருந்த துணுக்கில் என் பெயரை எழுதினேன். அந்த நாள் நான் போகாவிட்டால் கேட்க ஆளில்லை, ஆனால் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து பழைய வியாழக்கிழமையை எடுத்தேன். மடிப்பு கிழியாமல் மெதுவாகப் பிரித்தேன். பின்பக்கம், சாய்ந்த எழுத்தில், டாக்டரம்மா எழுதியிருந்தார்:

‘அப்பாவை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாயோ, அப்படியே உன்னையும் பார்த்துக்கொள்.’